கறிவேப்பிலைக்குத் தீனி, ரோஸ்மேரிக்குப் பட்டினி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டையும் வளர்க்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் செடி வளர்க்கத் தொடங்கும் தமிழ் வீடுகளில் முதல் தொட்டி பெரும்பாலும் கறிவேப்பிலைக்குத்தான். அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது ரோஸ்மேரி கண்ணில் படும். தடவினால் கை மணக்கும், விலையும் அதிகமில்லை. வாங்கிவந்து கறிவேப்பிலைக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டுக்கும் ஒரே குவளையால் தினமும் தண்ணீர் ஊற்றுவோம். இரண்டு மாதத்தில் ஒன்று தழைத்திருக்கும், மற்றது காய்ந்த விளக்குமாறாக நிற்கும். "குளிர்நாட்டுச் செடி, இந்த வெயிலுக்குத் தாங்காது" என்று பழியை வெயில்மேல் போட்டுவிடுவோம். அந்த ரோஸ்மேரியைக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர்தான்.

இரண்டும் என்றும் பசுமையானவை, இரண்டும் சமையலுக்கு ஆகும், இரண்டும் தொட்டியில் வளரும். ஒற்றுமை அதோடு சரி. மண், தண்ணீர், உரம், கத்தரிப்பு எல்லாவற்றிலும் ஒன்றுக்குச் செய்வதற்கு நேர்மாறாக மற்றதற்குச் செய்ய வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு

கறிவேப்பிலை இந்தியத் துணைக்கண்டத்து மரம். எலுமிச்சை, நாரத்தை குடும்பம். தரையில் விட்டால் 4 முதல் 6 மீட்டர்வரை உயரும். வெப்பமும் மழையும் சேர்ந்து வரும் காலத்தில் அது வேகமாகத் துளிர்க்கும். 10 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தால் வளர்ச்சி நின்று இலை கொட்டத் தொடங்கும். உறைபனி பட்டால் இளஞ்செடி பிழைக்காது. சிங்கப்பூரில் பகல் 31 முதல் 33 டிகிரி, இரவு 23 முதல் 25. அதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துப் புதர்ச்செடி. சாதாரண வகைகளே உறைநிலைக்குக் கீழே ஆறேழு டிகிரிவரை தாங்கும். ஆனால் குளிர் இருந்தால்தான் பிழைக்கும் என்பதில்லை. அதன் சொந்த ஊரில் கோடையில் 30 டிகிரிக்கு மேல் வெயில் காயும். அப்போது அங்கே மழை இருக்காது. மழை பெய்வது குளிர்காலத்தில். ஆகவே அதன் வேர்கள் வெப்பத்தையும் அறிந்தவை, ஈரத்தையும் அறிந்தவை; இரண்டும் ஒன்றாக வருவதைத்தான் அறியாதவை. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை, ஏறத்தாழ 171 மழைநாள். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் அடிக்கடி 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். அதே சூட்டில் வேரின் தேவை கூடும். ஊறிக் கிடக்கும் சூடான தொட்டியில் வேர் மூச்சுமுட்டித் தளர்ந்துபோக, அழுகல் பூஞ்சைகள் உள்ளே நுழைகின்றன. கறிவேப்பிலையின் அகன்ற இலைகள் தண்ணீரை வேகமாக இழுத்து வெளியேற்றித் தொட்டியை உலர்த்திவிடும். ரோஸ்மேரி இலையோ ஊசிபோல் குறுகி, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, அடியில் வெள்ளை ரோமம் போர்த்தியது. தண்ணீரை வெளியே விடாமல் சேமிக்கவே அமைந்த இலை. அது குடிப்பதே குறைவு. நாம் ஊற்றுவது கறிவேப்பிலையின் கணக்கில்.

கரையோரப் பூந்தோட்டங்களின் ஃபிளவர் டோமில் மத்தியதரைக் கடல் தாவரங்கள் செழித்து நிற்கின்றனவே என்று கேட்கலாம். 2012இல் திறந்த அந்தக் கண்ணாடிக் கூடத்தில் பகல் வெப்பநிலையை 23 முதல் 25 டிகிரியில் வைத்து, காற்றையும் உலர்த்தி வைக்கிறார்கள். நம் நடைபாதையில் குளிரூட்ட முடியாது. வேரை உலர வைக்க முடியும். பாதி வேலை அதுதான்.

முதலில் வெயிலை அளந்து பாருங்கள்

செடி வாங்குமுன் இதைச் செய்யுங்கள். இலை மேல் நேரடி வெயில் விழும் நேரத்தைக் கணக்கிடுங்கள். வெளிச்சமாக இருப்பது கணக்கில் வராது. கறிவேப்பிலைக்கு 4 மணி நேரம் இருந்தால் ஒப்பேற்றலாம், 6 இருந்தால் நன்றாக வரும். ரோஸ்மேரிக்கு 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். வெளிச்சம் குறைந்தால் அது தண்ணீர் குடிப்பது இன்னும் குறையும், தொட்டி உலராது, மேலே சொன்ன கதைதான்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை சூரியன் வடக்கே சாய்ந்து போகும். மற்ற ஆறு மாதம் தெற்கே. வடக்குப் பார்த்த நடைபாதையில் ஜூனில் வெயில் உள்ளே விழும், டிசம்பரில் ஒரு கீற்றுகூட வராது. ஜூனில் "இந்த இடம் நல்ல இடம்" என்று ரோஸ்மேரியை வைத்தவர், மழையும் கூடி வெயிலும் போன டிசம்பரில் அதை இழப்பார். வடக்கு அல்லது தெற்குப் பார்த்த வீடென்றால் இரண்டு பருவத்திலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அல்லது தூக்கி நகர்த்தக்கூடிய அளவுத் தொட்டியிலேயே வையுங்கள். கிழக்குப் பார்த்த வீட்டில் காலை வெயில் இரண்டுக்கும் நல்லது, ஆனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒரு மணி வாக்கில் என்பதால் எட்டு மணிக்குக்கூட வெயில் மென்மையாகத்தான் இருக்கும். மேற்கு வெயில் கடுமை. இரண்டு செடியும் அதைத் தாங்கும், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி தாங்காது: உள்ளே மண் கொதித்து வேர் வெந்துவிடும். வெளிர்நிறத் தொட்டி அல்லது மண்தொட்டி வையுங்கள்.

குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி ஊதும் அனல்காற்றுக்கு நேரே எதையும் வைக்காதீர்கள். ரோஸ்மேரியைக் குளிரூட்டிய அறைக்குள் வைத்துக் காப்பாற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். அங்கே வெயில் இல்லை.

கடையில் எதைப் பார்ப்பது

கறிவேப்பிலையில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், மணம் குறைவான வகையும் விற்பனைக்கு வருகிறது. நுனித்துளிர்களைத் திருப்பிப் பாருங்கள். சுருண்டிருந்தாலோ, வெள்ளை மெழுகு நூல் தொங்கினாலோ, எறும்பு ஏறி இறங்கினாலோ அந்தக் கன்றை விட்டுவிடுங்கள். வேலியாக வளர்க்கும் கெமுனிங் இதற்கு நெருங்கிய உறவு, இலையும் கொஞ்சம் ஒத்திருக்கும். அதன் மணம் பூவில்தான், தாளிக்க உதவாது. ஊரிலிருந்து வேரோடு கன்று கொண்டுவரும் எண்ணம் இருந்தால், இந்தியாவில் வாங்கிய தாவர நலச் சான்றிதழும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தைக்குப் பேருந்து ஏறிப்போவது எளிது.

ரோஸ்மேரியில் ஒரே தண்டாக, நிமிர்ந்து வளரும் வகையை எடுங்கள். படர்ந்து தொங்கும் வகை அழகு, ஆனால் கொத்துக்குள் காற்று புகாமல் பூஞ்சை பிடிக்கும். பேரங்காடியில் விற்கும் சின்னத் தொட்டியில் நாலைந்து துண்டுகளை நெருக்கி நட்டிருப்பார்கள். அது சமையலுக்குக் கிள்ளித் தீர்க்க, வளர்க்க அன்று. பெயர்ச்சீட்டில் ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ் என்றோ சால்வியா ரோஸ்மரினஸ் என்றோ இருக்கலாம். இரண்டும் ஒரே செடி. 2017இல் தாவரவியலார் அதைச் சால்வியா இனத்தில் சேர்த்தார்கள்.

மலேசியாவின் கேமரன் மலைபோன்ற குளிர்ந்த இடத்தில் வளர்ந்து வந்த செடியாக இருந்தால் நம் சமவெளி அதற்கு அதிர்ச்சி. முதல் வாரம் வெளிச்சமான நிழல், இரண்டாம் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில் என்று பழக்குங்கள்.

தொட்டியும் மண்ணும்

கறிவேப்பிலைக்கு முதல் தொட்டி 25 செ.மீ. அகலம். வேர் அடித்துளையில் எட்டிப்பார்க்கும்போது 30, கடைசியாக 40 முதல் 45 செ.மீ. அதற்கு மேல் தேவையில்லை. மேலே வெட்டிக்கொண்டே இருக்கப்போகிறோம். எடுத்த எடுப்பிலேயே பெரிய தொட்டியில் சின்னக் கன்றை வைத்தால் வேர் எட்டாத மண் புளித்துப்போகும்.

ரோஸ்மேரிக்குச் சுட்ட மண்தொட்டி, 15 செ.மீ. தொடங்கி 20 செ.மீ. மெருகு பூசாத மண்தொட்டியின் சுவர் வழியாகவே ஈரம் வெளியேறும். உயரமான தொட்டியாகப் பாருங்கள். எந்தத் தொட்டியிலும் அடியில் சில செ.மீ. உயரத்துக்கு மண் எப்போதும் ஊறியே நிற்கும். தட்டையான தொட்டியில் வேரின் பெரும்பகுதி அந்த ஊறலுக்குள் மாட்டும், உயரமான தொட்டியில் தப்பிவிடும். அடியில் ஓட்டுச்சில்லும் கூழாங்கல்லும் பரப்பும் பழக்கம் இந்த ஊறல் மட்டத்தை மேலே தூக்கிவிடுகிறது, அதனால் பயன் இல்லை. துளையில் மண் கொட்டாமலிருக்க ஒரு சிறு வலைத்துண்டு போதும்.

மண் கலவை, பங்குக் கணக்கில்:

கறிவேப்பிலைக்கு: நர்சரிகளில் விற்கும் சுட்ட மண் 2, மக்கிய உரம் அல்லது மண்புழு உரம் 1, பெர்லைட் அல்லது பியூமிஸ் (தண்ணீர் வடிய உதவும் எடை குறைந்த கல்துகள்கள்) 1. விருப்பம் இருந்தால் 25 செ.மீ. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு.

ரோஸ்மேரிக்கு: பியூமிஸ் அல்லது பருமணல் 2, சுட்ட மண் 1, மக்கிய உரம் அரைப் பங்கு. 5 லிட்டர் கலவைக்கு ஒரு தேக்கரண்டி டாலமைட் சுண்ணாம்பு. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்துவைக்கும். கட்டடவேலைக்கு வைத்திருக்கும் நுண்மணலும் வேண்டாம், துளைகளை அடைத்துவிடும். கல் 2 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தூசியை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கலவை சரியா என்று சோதிப்பது எளிது. தொட்டியை நிரப்பி மேலிருந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். ரோஸ்மேரிக் கலவையில் தண்ணீர் மேலே தேங்காமல் சில நொடிகளில் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். குளம்போல் நின்று மெதுவாக இறங்கினால் இன்னும் ஒரு பங்கு பியூமிஸ் சேருங்கள்.

நடும் விதமும் மாறும். கறிவேப்பிலையின் வேர்ப்பந்தை உடைக்காமல், இருந்த ஆழத்திலேயே வைத்து, நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் பத்து நாள் அரைநிழலில் வையுங்கள். சில இலை உதிரும், பயப்பட வேண்டாம். ரோஸ்மேரி கடையிலிருந்து வரும் பீட் (மக்கிய சதுப்புநிலப் பாசி) மண்ணில்தான் ஆபத்து: வெளியே கல்லும் உள்ளே ஊறிய பீட்டுமாக நட்டால் நடுப்பகுதி உலரவே உலராது. வேர்ப்பந்தின் வெளிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கை விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள். முழுதும் கழுவி எடுக்காதீர்கள், வேரைக் குலைத்தால் அது பொறுக்காது. தண்டும் மண்ணும் சேரும் இடம் சுற்றிலும் உள்ள மண்மட்டத்தைவிட 1 செ.மீ. மேடாக இருக்கட்டும். மேலே கல்லைத் தூவலாம், மரத்தூளோ இலைச்சருகோ மூடாக்குப் போட வேண்டாம்.

தண்ணீர்

கறிவேப்பிலைக்கு: மேல்மண் 2 செ.மீ. உலர்ந்ததும் அடித்துளை வழியாக ஒழுகும்வரை ஊற்றுங்கள். வெயில் நாள்களில் பெரிய செடிக்கு அது தினமும் ஆகலாம். இலைகள் லேசாகத் தொங்கினால் தாகம், ஊற்றிய ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஊற்றியும் நிமிராவிட்டால் வேரில் கோளாறு.

ரோஸ்மேரிக்கு நாள்கணக்கு வைக்காதீர்கள். "வாரம் இரண்டு முறை" என்று எங்கேனும் படித்தால் மறந்துவிடுங்கள். பத்தாவது மாடியில் காற்றோட்டமான நடைபாதையில் உலர்வதும் இரண்டாம் மாடியில் மரநிழலில் உலர்வதும் ஒன்றா? ஒரு சாத்தே குச்சி எடுத்துத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சியின் கீழ்ப்பாதி கருத்து, மண் ஒட்டியிருந்தால் ஊற்றாதீர்கள். வெளுத்துச் சுத்தமாக வந்தால் ஊற்றலாம். குச்சியோடு தொட்டியின் கனத்தையும் ஒவ்வொரு முறை தூக்கிப் பாருங்கள். மூன்று வாரத்தில் கை பழகிவிடும், அப்புறம் குச்சி தேவைப்படாது.

ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அடிவழியாக ஒழுகும்வரை ஊற்றி, முழுதும் வடியவிட்டு, மறுபடி நன்றாக உலரவிட வேண்டும். தினம் அரைக்குவளை ஊற்றுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். மேல்மண் ஈரமாகவே இருக்கும், அடிவேருக்குக் காற்றும் இல்லை, சரியான தண்ணீரும் இல்லை. காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் ஈரமான இரவு முழுதும் வேர் ஊறும்.

மழை நேரடியாக விழும் இடத்தில் ரோஸ்மேரி வேண்டவே வேண்டாம். கூரைக்கு உள்ளே, வெயில் மட்டும் எட்டும் இடமே அதற்கு ஏற்றது. நவம்பர் முதல் ஜனவரிவரை வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடித்தால் உட்புறமாக நகர்த்துங்கள். கறிவேப்பிலையை மழையில் விடலாம். இலையில் ஒட்டிய தூசியும் பூச்சியும் கழுவிப்போகும்.

ரோஸ்மேரி அழுகும்போது பார்ப்பதற்குத் தாகம்போலவே இருக்கும். நுனி வளையும், கீழிலைகள் பழுப்பேறும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். போதாததற்கு அந்த விறைப்பான இலைகள் செத்த பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் சுரண்டுங்கள்: உள்ளே பச்சை என்றால் உயிர் உண்டு, பழுப்பு என்றால் இல்லை. தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள்: வேர் வெள்ளையாக விறைத்திருந்தால் நலம். பழுப்பாகக் குழைந்து, இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் கையில் வந்தால் அழுகல். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். பசுமையாக மிஞ்சிய நுனிகளை வெட்டி வேர்பிடிக்க வையுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் போடாதீர்கள்.

உரம்

கறிவேப்பிலை இலைக்காகவே வளர்க்கும் மரம். பறிக்கப் பறிக்கத் தழைச்சத்து வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 14-14-14 மெல்லக் கரையும் உருண்டை உரம் 30 செ.மீ. தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உறையில் "3 முதல் 4 மாதம்" என்று போட்டிருப்பது 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. நம் ஊர்ச் சூட்டில் அதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். இடையில் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம்.

புளித்த மோர் பற்றிக் கேட்காதவர் இல்லை. உப்புப் போடாத மோரை ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டுமே நம்பினால் தழைச்சத்து போதாது. நடைபாதையில் வாடை வரும், ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டுக்காரரின் முகம் மாறும். அரிசி கழுவிய தண்ணீரும் அப்படியே.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நுனியில் புதுஇலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. நம் குழாய்த் தண்ணீர் சற்றே காரத்தன்மை உள்ளது. மாதக்கணக்கில் ஊற்ற ஊற்ற மண்ணும் காரமாகி இரும்பு கட்டுப்பட்டுவிடும். செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலுள்ள கீலேட் இரும்பை உறையில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றினால் அடுத்த துளிர் பச்சையாக வரும். ஏற்கெனவே வெளுத்த இலை முழுதும் தேறாது.

ரோஸ்மேரிக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை அதே உருண்டை உரத்தில் அரைத் தேக்கரண்டி. அவ்வளவுதான். தழைச்சத்து கூடினால் தண்டு நீண்டு தளர்ந்து, மணம் குறைந்து, பூஞ்சைக்கு இடம்கொடுக்கும்.

வெட்டுவதும் பறிப்பதும்

கறிவேப்பிலையை வெட்டத் தயங்குபவர்கள்தான் அதிகம். அதனால்தான் ஒற்றைக் குச்சியாக ஆளுயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் மட்டும் குடைபோல் இலை நிற்கும் செடிகளை நடைபாதைதோறும் பார்க்கிறோம். கன்று 30 செ.மீ. ஆனதும் நுனியைக் கிள்ளுங்கள். கீழே இரண்டு மூன்று கிளை பிரியும். அவை 15 செ.மீ. நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். சமையலுக்கு எடுக்கும்போது தண்டில் இருக்கும் சிற்றிலைகளை உருவாதீர்கள்; நுனித்துண்டை 10 செ.மீ. அளவில், ஓர் இலைக்காம்புக்குச் சற்று மேலே கத்தரியுங்கள். பறிப்பதே கத்தரிப்பாகிவிடும். ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பூங்கொத்து வந்தால் வெட்டிவிடுங்கள், சத்து காய்க்குப் போகும். 1.2 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் பறிக்கவும் வசதி.

ரோஸ்மேரியில் பச்சைத் தண்டை மட்டும் வெட்ட வேண்டும். இலையில்லாத பழுப்புக் கட்டையில் வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது, அந்தக் கிளை முடிந்தது. வாரம் இரண்டு நுனி கிள்ளினால் புதர் அடர்த்தியாகும். உட்புறம் நெருங்கினால் உள்ளே போகும் சின்னக் குச்சிகளை அடியோடு எடுத்துக் காற்றுக்கு வழிவிடுங்கள். நீலப்பூவை எதிர்பார்க்க வேண்டாம். குளிர்ந்த இரவுகள் இல்லாத இந்த ஊரில் அது பூப்பது அரிது. இலைமணத்துக்குக் குறைவில்லை.

பூச்சி

கறிவேப்பிலைக்கு வரும் முதல் விருந்தாளி எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. மஞ்சள் முத்துபோன்ற முட்டை துளிரில் தனித்தனியாக இருக்கும். குஞ்சுப்புழு கருப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் என்றே தோன்றும். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளை நீட்டி நெடியடிக்கும். கடிக்காது. இரண்டு மூன்று புழு இருந்தால் சின்னக் கன்றை இரண்டே நாளில் மொட்டையடித்துவிடும். மருந்து தேவையில்லை, காலையில் ஒருமுறை பார்த்துக் கையால் எடுங்கள். பெரிய செடி என்றால் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம், பிள்ளைகள் கூட்டுப்புழுவைப் பார்க்கட்டும்.

சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான சைலிட் அப்படி விடக்கூடியது இல்லை. துளிர் சுருண்டு, பிசுபிசுத்து, வெள்ளை மெழுகுநூல் தொங்கும். எலுமிச்சைக் குடும்பத்தைப் பாழாக்கும் பசுமைநோயைப் பரப்புவதும் இதுதான். பக்கத்தில் எலுமிச்சை வகைகளான லிமாவ் புருட்டோ கலமான்சியோ வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம். சுருண்ட துளிரை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் 2 மி.லி. பாத்திரச் சோப்பும் குலுக்கிக் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை. கடைசித் தெளிப்புக்கு ஒரு வாரம் கழித்துப் பறித்து, அலசிப் பயன்படுத்துங்கள். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் இதே மருந்து. இலைமேல் கரிபோல் படிந்தால் அது இந்தப் பூச்சிகளின் இனிப்புக் கழிவில் வளரும் பூஞ்சை. பூச்சி போனால் அதுவும் போகும்.

ரோஸ்மேரிக்கு இரண்டே தொல்லை. இலை மங்கிப் புள்ளிபுள்ளியாக வெளுத்து நுண்ணிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். காலையில் செடியைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு. மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்தால் சாம்பல்நோய். அந்தக் கிளையை வெட்டி, தொட்டியைக் காற்றோட்டத்துக்கு நகர்த்துங்கள்.

புதுச்செடி உண்டாக்குவது

தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்தைத் தண்ணீரில் வைத்து வேர்விடக் காத்திருப்பது பெரும்பாலும் வீண். தாய்ச்செடியின் அடியில் கிளம்பும் வேர்க்கன்றைக் கொஞ்சம் வேரோடு பிரித்து நடுங்கள், அல்லது கருத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, ஒரு சில நாள்களுக்குள் 1 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும்.

ரோஸ்மேரியில் நிலைமை தலைகீழ். பேரங்காடியில் சமையலுக்கு விற்கும் பொட்டலத்திலிருந்தே கன்று எடுக்கலாம். பச்சையாக, நுனி கருகாத குச்சியை 10 செ.மீ. வெட்டி, கீழ் 5 செ.மீ. இலையை நீக்கி, ஈரப்படுத்திய வெறும் பெர்லைட்டில் செருகுங்கள். அடியில் துளையிட்ட சின்னக் கப் போதும். மேலே பிளாஸ்டிக் உறை மாட்டாதீர்கள், நம் காற்றில் ஈரம் ஏற்கெனவே போதும், மூடினால் அழுகும். வெளிச்சமான நிழலில் 4 முதல் 6 வாரம். மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரிந்த பிறகு கல்மண் கலவைக்கு மாற்றுங்கள். எப்போதும் ஓர் இளங்கன்று கைவசம் இருக்கட்டும். நம் தட்பவெப்பத்தில் நன்றாகப் பார்த்துக்கொண்ட ரோஸ்மேரிகூடத் திடீரென்று போய்விடுவதுண்டு.

நடைபாதையும் கொசுவும்

பொது நடைபாதையில் ஆள் நடக்க 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், தீ விபத்தின்போது அதுதான் வெளியேறும் வழி. தடுப்புச் சுவரின் மேலே தொட்டியை வைப்பதோ வெளிப்புறம் தொங்கவிடுவதோ கூடாது, விழுந்தால் உயிர்ப்பலி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். அதனால் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை அன்றே கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். இறுகிப்போன மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள், தண்ணீர் அதன்மேலும் தேங்கும். ரோஸ்மேரிக்குத் தட்டே வேண்டாம். இரண்டு செங்கல் மேல் தொட்டியை ஏற்றிவையுங்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது

பள்ளி விடுமுறைக்கு இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போவதென்றால், புறப்படும் வாரத்தில் கறிவேப்பிலையை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். இலை குறைந்தால் தண்ணீர்ச் செலவும் குறையும். வெட்டியதைக் காயவைத்துப் பொடியாக்கலாம். தொட்டியை வெயிலிலிருந்து வெளிச்சமான நிழலுக்கு மாற்றுங்கள். தட்டில் தண்ணீர் நிரப்பிவைத்துப் போகாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் சொன்னால், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு லிட்டர் என்று அளவுக்குவளையையே கொடுத்துவிட்டுப் போங்கள்.

ரோஸ்மேரிக்குப் புறப்படும் நாள் காலையில் நன்றாக ஊற்றி வடியவிட்டு, சாரல் எட்டாத இடத்தில் வையுங்கள். டிசம்பர் ஈரத்தில் முதல் பத்து நாளுக்கு அதற்கு எதுவும் வேண்டாம். அதன்பின் ஒரே ஒரு முறை ஊற்றினால் போதும் என்று பக்கத்து வீட்டாருக்குத் தேதி எழுதித் தொட்டியிலேயே ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அன்பு மிகுந்து கறிவேப்பிலையோடு சேர்த்து அதற்கும் ஊற்றிவிடுவார்கள்.